வீட்டுத் தரையின் வரலாறு

சென்ற ஆண்டு தை மாதத்தில், பெங்களூரில் பணிபுரியும் என் மகன் அஞ்சலில் எனக்கு ஒரு பலகைத் துண்டை அனுப்பியிருந்தான். ஒரு சாண் நீளம், நான்கு விரற்கடை அகலம். பார்வைக்குத் தேக்குப் பலகை. ரேகையும் கணுவும் மெய்யான மரத்தில் இருப்பவை போலவே இருந்தன. கையில் எடுத்துப் பார்த்தேன். தேக்கைக் காட்டிலும் கனம் மிகுதி. விரலால் தட்டினேன், மரத்தின் ஓசை எழவில்லை. "அப்பா, இதற்கு வைனல் பலகை என்று பெயர். அப்பத்தாவின் அறைக்கும் கூடத்துக்கும் இதையே போட்டுவிடலாம். பழைய தரையை உடைக்க வேண்டியதில்லை" என்று தொலைபேசியில் சொன்னான்.

மாணவ நண்பர்களே! முப்பத்துமூன்று ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். அசோகரின் கல்வெட்டுகள் இருக்கும் இடங்களை வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். ஆனால், காரியாபட்டியில் நான் பிறந்து வளர்ந்த வீட்டின் தரை எப்படி வந்தது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அந்தப் பலகைத் துண்டுதான் என்னை எண்ண வைத்தது. காரணம் இல்லாமலும் இல்லை. என் அன்னையார்க்கு வயது எண்பத்தெட்டு. பின்கட்டில், வழவழப்பான டைல்ஸ் பதித்த இடத்தில், மழைக்கால ஈரத்தில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறியாமல் தப்பியது பெரும்பேறு. கூடத்திலோ, பழைய சிவப்புத் தரையில் வாசற்படி தொடங்கி நடுத்தூண் வரையில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஆகவே, தரையைப் பற்றிய பேச்சை வெறும் அலங்காரப் பேச்சாக நீங்கள் கொள்ள வேண்டா. அன்று முதல், காணும் தரையைப் பற்றியெல்லாம் இரண்டு கேள்விகளைக் கேட்கலானேன்: இதனை இட்டவர் யார்? நாள்தோறும் இதனைப் பேணுகின்ற கை யாருடைய கை?

நம் பகுதியில் மிகப் பழைய தரை மண் தரையே. மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கீழடியில் நடந்த அகழாய்வைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், செங்கற் சுவர்களையும், கூரை ஓடுகளையும், உறைகிணறுகளையும் பற்றிப் படித்து வியந்தவர் பலர். நுண்ணிய களிமண்ணால் நன்கு இடப்பட்ட தரையும் அங்கே வெளிப்பட்டது என்ற செய்தியில் நின்று நோக்கியவர் சிலரே. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, சலித்த களிமண்ணைத் தேர்ந்து, மட்டமாக இட்டு, இறுக்கிய ஒருவர் அங்கே வாழ்ந்தார். அவரும் ஒரு தொழில் அறிஞரே.

மண்ணைத் தேர்ந்து என்று சொன்னேன். அது எளிய செயல் அன்று. எங்கள் ஊர்ப்பக்கம் கரிசல் பூமி. கரிசல் மண் நீர் பட்டால் ஊதிப் பெருக்கும். கோடையில் சுருங்கிக் கைவிரல் நுழையும்படி வெடிக்கும். பருத்திக்கு அது தாய், தரைக்கோ பகை. ஆதலின், வீட்டுக்குள் இடுவதற்குச் செம்மண்ணை வேற்றிடத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்து நிரப்பினார்கள். பின்னர்ச் சாணம் கரைத்து மெழுகினார்கள். மெழுகியவர்கள் யாவர்? பெண்கள். என் அன்னையார் இவ்வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், வெள்ளிதோறும் விடியுமுன் எழுந்து கூடம் முழுவதையும் குனிந்து மெழுகியவர். "அந்த முதுகு வலிதான் எய்யா இன்னும் போகல" என்று இன்றும் சொல்வார்கள். மண் தரை செலவில்லாத தரை என்று நூல்களில் எழுதுகிறோம். அந்த முதுகைக் கணக்கில் சேர்க்காமல் எழுதுகிறோம்!

மண்ணை அடுத்து வந்தது சுண்ணாம்பு. கரிசலுக்கு அடியில் சுக்கான் கல் கிடைக்கும். அதனைச் சூளையில் சுட்டு நீற்றி, மணலும் செங்கற்பொடியும் கலந்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுத் திமிசுக் கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கினார்கள். கோவிலுக்கும் அரண்மனைக்கும் செல்வர் இல்லத்துக்கும் உரிய தரை அது. எங்கள் வீட்டில் நெல் கொட்டும் அறைக்கு மட்டும் என் பாட்டனார் அதனை இட்டிருக்கிறார். மனிதர் படுக்கும் இடத்துக்கு மண்ணும், நெல் படுக்கும் இடத்துக்குச் சுண்ணாம்பும்! எலியும் ஈரமும் புகாமல் காக்க வேண்டியது நெல்லையே என்று அவர் கருதினார் போலும்.

பின்னர்ச் சிமெண்டு வந்தது. 1824-இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர், சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைத்த பொடிக்குப் ‘போர்ட்லண்டு சிமெண்டு’ என்று பெயரிட்டு உரிமை பெற்றார். நம் நாட்டில் 1904-இல் சென்னையில் கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்டு செய்ய முயன்றார்கள், அம்முயற்சி நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலை நிலைத்தது. 1949-இல் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்திலும், 1960-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் விருதுநகருக்கு அருகே, இன்று இராமசாமிராஜா நகர் என வழங்கும் இடத்திலும் ஆலைகள் எழுந்தன. பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் சிமெண்டாக மாறி நம் வீடுகளுக்கே திரும்பி வந்தது.

எங்கள் கூடத்துச் சிவப்புத் தரை அக்காலத்தது. அதற்குச் சான்றும் இருக்கிறது. வடமேற்கு மூலையில், ஈரம் காயுமுன் கொத்தனார் ஆணியால் கீறிய ‘1963’ என்ற எண் இன்றும் படிக்கும்படி உள்ளது. எங்கள் வீட்டின் ஒரே கல்வெட்டு அதுதான். ஆனால் வெட்டியவர் பெயர் அதில் இல்லை. சிமெண்டில் காவிப் பொடி கலந்து, மேற்பூச்சாகப் பூசி, இறுகும் வேளை பார்த்துக் கரண்டியால் மீண்டும் மீண்டும் தேய்த்தால் அது கண்ணாடிபோல் மின்னும். வேளை தப்பினால் திட்டுத்திட்டாகப் போய்விடும். பிறகு நாட்கணக்கில் நீர் கட்டிவைக்க வேண்டும். அந்நாட்களில் யாவரும் திண்ணையிலேயே உண்டு உறங்கினோமாம். எனக்கு அப்போது மூன்று வயது, நினைவில்லை. அன்னையார்க்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்தது, மெழுக வேண்டியதில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தார்களாம்.

இதே சிமெண்டு, கிழக்கே செட்டிநாட்டில் வேறொரு வடிவம் கொண்டது. அதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் வட்டித் தொழிலும் வாணிகமும் செய்து பெரும்பொருள் ஈட்டினார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் செய்த ஓடுகளும் கப்பலேறி வந்து அவர்கள் வீடுகளில் அமர்ந்தன. வண்ணச் சிமெண்டு ஓடு என்பது ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தோன்றிய பொருள். காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியின் கைவினைஞர்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஐரோப்பியர் அழுத்த இயந்திரத்தால் செய்ததை, இவர்கள் ஒரு கண்ணாடித் துண்டையும் ஒரு கைப்பிடிச் சட்டத்தையும் கொண்டு செய்தார்கள்.

1990-ஆம் ஆண்டுகளில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாக அங்கே அழைத்துச் சென்றேன். ஒரு கொட்டகையில் தொழிலாளர் ஒருவர் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். எதிரே ஒரு சதுரக் கண்ணாடி. அதனைச் சுற்றி இரும்புச் சட்டம். பூவும் கொடியுமாக அறைகள் பிரித்த உலோக அச்சு ஒன்றை அதன்மேல் வைத்தார். குழம்புப் பதத்தில் இருந்த வண்ணச் சிமெண்டைச் சிறு கரண்டியால் அந்தந்த அறையில் ஊற்றினார்: இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, நடுவே மஞ்சள். பின்னர் அச்சை மேலே தூக்கினார். ஒரு வண்ணமும் மற்றொன்றில் கலக்கவில்லை! அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவை நிரப்பி, மட்டம் செய்து, அப்பால் வைத்தார். மறுநாள் அது நீர்த்தொட்டிக்குப் போகும், சில நாட்கள் ஊறும், பின் உலரும். கண்ணாடி விலகியதும், கண்ணாடியின் வழவழப்பு ஓட்டின் முகத்தில் நிற்கும். சூளை இல்லை, நெருப்பு இல்லை, மெருகேற்றும் இயந்திரமும் இல்லை. "சார், அச்சைத் தூக்கும்போது மூச்சை அடக்குகிறார்" என்று ஒரு மாணவன் என் காதில் சொன்னான். நான் அதுவரையில் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தரையின் பின்னே ஒரு வீழ்ச்சியும் உண்டு. 1930-ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் விலைகள் சரிந்தபோது, பர்மாவில் நெல் விலையும் சரிந்தது. கடன் வாங்கிய உழவர் திருப்பித் தர இயலாமையால், கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் கால் பங்கு சில ஆண்டுகளில் செட்டியார்கள் கைக்கு வந்தது. நிலம் இழந்த பர்மியரின் உள்ளம் எரிந்ததில் வியப்பில்லை. 1942-இல் ஜப்பானியப் படை புகுந்தது. 1948-இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலங்கள் நாட்டுடைமையாயின. பொருள் வரும் வழி அடைபட்டதும், செட்டிநாட்டில் பல மாளிகைகளைப் பிரித்துத் தூணையும் கதவையும் விற்றார்கள். ஓடு செய்வோர்க்கும் வேலை குறைந்தது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். இன்று வெளியூரார் தேடி வந்து ஆத்தங்குடி ஓடு வாங்குகிறார்கள். ஐராவதி ஆற்றங்கரை உழவனின் கடனும் அந்தப் பூவோட்டின் கதையில் ஒரு பகுதி என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

தரை ஓடு நாட்டுரிமைப் போரிலும் இடம்பெற்றது என்றால் நம்புவீர்களா? அயல்நாட்டு ஓட்டுக்கு ஈடாக இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்னும் சுதேசி எண்ணத்தோடு, 1922-இல் பம்பாயில் பாரத் ஃபுளோரிங்ஸ் என்ற நிறுவனம் தோன்றியது. கதரைப் பற்றி எழுதுகின்ற நாம், சுதேசித் தரையை மறந்துவிட்டோம்.

அதன்பின் மொசைக் வந்தது. கடப்பைக் கல் வந்தது. குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக விட்ரிஃபைட் டைல்ஸ் வந்தது. மலிவும் விரைவும் அவற்றின் சிறப்பு. ஈரத்தில் அவற்றுட் சில வழுக்கும் என்பதை என் அன்னையார் வாயிலாக நான் கற்றுக்கொண்டேன்.

இனி மகன் அனுப்பிய பலகைக்கு வருவோம். நெகிழும் தரைவிரிப்புக்கு மூதாதை லினோலியம். ஆளிவிதை எண்ணெய் கலந்த வண்ணத்தின்மேல் படியும் ஏட்டைக் கண்ட பிரடெரிக் வால்ட்டன் என்ற ஆங்கிலேயர், 1860-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்த எண்ணெயையும் தக்கைப் பொடியையும் துணியின்மேல் பரப்பி அதனைச் செய்தார். வைனலின் கதை வேறு. 1926-இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற வேதியியலார், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசையைத் தேடும்போது, எதற்கும் உதவாத விறைத்த பொருளாகக் கருதப்பட்டிருந்த பி.வி.சி.யை நெகிழச் செய்யும் வழியைக் கண்டார். 1933-இல் சிகாகோவில் நடந்த கண்காட்சியில் வைனல் தரை மக்கள் பார்வைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டுகளில் மேட்டூரில் பி.வி.சி. செய்யத் தொடங்கினார்கள். என் கையில் இருந்த பலகையின் நடுப்பகுதியோ, பி.வி.சி.யோடு பெரும்பங்கு சுண்ணாம்புக் கல் பொடி சேர்த்து அழுத்தியது. கனத்துக்குக் காரணம் அதுவே! மேலே மரத்தின் படம் அச்சிட்ட ஏடு. அதன்மேல் தேய்வைத் தாங்கும் தெளிந்த மெல்லேடு. பாட்டனார் நெல்லறைக்கு இட்ட சுண்ணாம்பு, தேக்கு வேடம் புனைந்து வந்திருந்தது.

அன்னையாரின் அறைக்கு மட்டும் முதலில் அதனைப் போட இசைந்தேன். ஒரு கடையிலிருந்து இருவர் வந்து ஒரே பகலில் முடித்துச் சென்றனர். ரசமட்டமும் வைக்கவில்லை, மட்டப்பலகையும் வைக்கவில்லை. சுவரோடு சுவராக நெருக்கிப் பதித்தனர். சித்திரை வெயில் மேற்குச் சாளரத்தின் வழியே விழுந்ததும், நடுவில் பலகைகள் அப்பளம் போல் எழும்பின. கட்டிலருகே கால் வைத்தால் ‘டக் டக்’ என்று ஓசை. பூட்டு விளிம்புகள் சில முறிந்திருந்தன.

பிறகு, உற்பத்தியாளர் தந்த குறிப்புத் தாளைப் பாடநூல் போல் எடுத்து வைத்துப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவரை அழைத்துப் பலகைகளைக் கழற்றச் செய்தேன். இரண்டு மீட்டர் மட்டப்பலகையைத் தரையில் வைத்தபோது அடியில் எட்டு மில்லிமீட்டர் பள்ளம் தெரிந்தது. தாளில் கண்ட வரம்பு மூன்று. பள்ளத்தில் பலகை ஊஞ்சலாடினால் பூட்டு முறியாமல் என்ன செய்யும்? ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் நாற்புறமும் ஒட்டி ஒருநாள் விட்டுவைத்தோம். அடியில் நீர் கோக்கவில்லை. தரையில் ஈரம் இல்லை என்று தெளிந்தோம். தானே பரவி மட்டமாகும் சிமெண்டுக் கலவையை ஊற்றிக் காயவிட்டோம். பலகைகள் இரண்டு நாள் அதே அறையில் கிடந்து அறையின் வெப்பத்துக்குப் பழகின. இம்முறை சுவர் ஓரத்தில் எட்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதனைக் கட்டை அடித்து மறைத்தார். வெப்பத்தில் விரிவதற்கு இடம் வேண்டும் அல்லவா? தண்டவாளத்து இடைவெளியை வகுப்பில் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! செங்கல் வரிசை போல, ஒரு வரிசையின் மூட்டு அடுத்த வரிசையின் மூட்டுக்கு நேர் வராமல் மாற்றிப் பதித்தார். சாளரத்துக்குத் திரையும் இட்டோம். ஓசை நின்றது.

சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்த என் பழைய மாணவர் ஒருவர் அந்தத் தரையைக் குனிந்து தடவிப் பார்த்தார். பட்டாசுத் தொழிற்கூடத்தில் மேற்பார்வைப் பணி செய்பவர் அவர். "வீட்டுக்கு நல்லது ஐயா. எங்கள் மருந்து அறைக்கு ஆகாது" என்றார். வறண்ட காற்றில் சாதாரண வைனலில் நிலைமின்சாரம் தங்கும். வெடிமருந்தின் நடுவே ஒரு சிறு பொறி போதும். அங்கே தரையில் ஒரு மணற்பருக்கைகூடக் கிடத்தலாகாது; காலுக்கும் தரைக்கும் இடையே உராய்ந்தாலும் ஆபத்து. ஆகவே மின்சாரத்தைக் கடத்தி மண்ணுக்கு அனுப்பும் ரப்பர் விரிப்பை இட்டு, துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். பேணுகின்ற கையைப் பற்றிய என் கேள்விக்கு, அங்கே உயிரே விடை.

அன்னையார் தம் அறையில் இப்போது அச்சமின்றி நடக்கிறார்கள். ஆயினும், வைகாசி நடுப்பகலில் ஒருநாள், தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து சிவப்புத் தரையில் படுத்திருந்தார்கள். "ஏன் அம்மா, புதுத் தரை பிடிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"நடக்க நல்லா இருக்கு எய்யா. படுத்தா உடம்புக்குக் குளுகுளுன்னு இல்ல. அது இதுலதான் இருக்கு."

உண்மைதான். சிமெண்டுத் தரை உடம்பின் சூட்டை வாங்கி அடிமண்ணுக்குக் கொடுக்கும். வைனல் அதனை எளிதில் வாங்காது. குளிர் நாட்டுக்கு இதமான அதே குணம், நம் கோடையில் குறையாகிறது. கூடத்திலும் பலகை போடும் எண்ணத்தை நிறுத்தி வைக்குமாறு அன்றிரவே மகனுக்குச் சொன்னேன். "விரிசலை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டான், நியாயமான கேள்வி.

விரிசலின் அடியில் கரிசல் இன்னும் அசைகிறதா, அடங்கிவிட்டதா என்பதே தெரிய வேண்டியது. அசையும் விரிசலில் காவிச் சிமெண்டை அடைத்துப் பயனில்லை. கொத்தனார் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலின் குறுக்கே பிசின் வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதியும் எழுதினார். மண் அசைந்தால் கண்ணாடி உடையும். ஓர் ஆண்டின் கோடையும் மழையும் கடக்கட்டும் என்றார். ஆனி, ஆடி கடந்தன. ஐப்பசி அடைமழையும் பெய்து ஓய்ந்தது. காலையில் எழுந்ததும் விளக்கைத் தாழ்த்திப் பிடித்து அதனைப் பார்க்கிறேன். இதுவரை உடையவில்லை.